மறைவில் இருக்கும் மந்திரங்கள்



விடுமுறை நாளில் கணிப்பொறியின் முன் அமர்ந்துவிட்ட தம்பி, அம்மா மூன்று முறை "சாப்பிட வா" என்று கூப்பிட்ட பிறகும் எழுவதில்லை. (இப்போது தங்கைகளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்கள் என்பதைப் பெற்றோர் நன்கறிவர்.) அப்படி என்னதான் தேடுகிறாய் என்று கேட்டால், "இதில் ஒரு மந்திரம் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்பான். கேட்பவர்களுக்கு இது வீண்பொழுதாகவே தோன்றும். ஆனால் அந்த மந்திரத்தை யார், எதற்காக, எப்படி ஒளித்து வைத்தார்கள் என்று ஆராய்ந்தால் சுவையான செய்திகள் பல கிடைக்கின்றன. ஒளித்து வைப்பதிலும் நேர்மையானது, நேர்மையற்றது என இரண்டு உண்டு. அதைப் பிரித்தறிவது ஆடுகிறவர்களுக்கும் நல்லது. ஆடாதே என்கிற பெரியவர்களுக்கும் நல்லது.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்றால் என்ன? நம் ஆண்டுவிழா நாடகத்தில் ஒருத்தி அரசியாகவும் இன்னொருத்தி தோழியாகவும் வேடம் கட்டுவதுபோல, ஆடுகிறவர் ஒரு வீரராகவோ மருத்துவச்சியாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரம் ஏற்றுக் கற்பனை நாடு ஒன்றில் பயணம் செய்வதுதான் அது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இதனை வெளியிட்டபோது, தாளும் பென்சிலும் பகடையும் போதுமானவையாக இருந்தன. பிறகு பகடை உருட்டும் வேலையைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டது. மந்திரம் என்ற சொல்லைக் கண்டு அருட்சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம்! இங்கே மந்திரம் என்பது கூட்டலும் கழித்தலும்தான். பகைவனின் உயிர்க்கணக்கில் இத்தனை குறை, தோழியின் கணக்கில் இத்தனை கூட்டு என்று பொறிக்கு இடும் கட்டளைக்கு ஆசிரியர் சூட்டிய அலங்காரப் பெயர், அவ்வளவே.

பெரும்பாலான மந்திரங்கள் மாடிப்படி போல வரிசையாகக் கிடைக்கும். பத்துப் போரில் வென்றால் ஒன்று, இருபதில் வென்றால் அடுத்தது. அவற்றில் புதிர் ஒன்றும் இல்லை. படிவரிசைக்கு வெளியே, கேட்டாலொழியச் சொல்லப்படாமல், தேடினாலொழியக் கிட்டாமல் இருப்பவையே நம் கட்டுரைக்கு உரியவை.

இத்தகைய மந்திரங்களுள் புகழ்பெற்ற மிகப் பழைய ஒன்று இரண்டு சிறுமிகளுக்காக எழுதிய விளையாட்டில் இருக்கிறது. வில் க்ரௌதர் என்பவர் இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற கணிப்பொறி வலையை அமைத்தவர்களுள் ஒருவர். அவரும் அவர் மனைவி பட்ரீஷியாவும் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைகளுக்குள் தவழ்ந்து சென்று வரைபடம் தயாரிப்பவர்கள். 1972 செப்டம்பரில், தனித்தனி என்று கருதப்பட்ட இரு பெரும் குகைத்தொடர்கள் உண்மையில் ஒன்றே என நிறுவிய குழுவில் பட்ரீஷியாவும் ஒருவர். மெலிந்த உடலுள்ள அவர்தாம் மற்றவர்கள் நுழைய இயலாத ஒரு குறுகிய இடுக்கில் புகுந்து அப்பாலுள்ள வழியைக் கண்டவர். பின்னர் அவர்கள் மணவாழ்க்கை முறிந்தது. பிரிந்திருந்த தம் இரு மகள்களும் தம்மிடம் வரும்போது மகிழ்ந்திருக்கவேண்டும் என்று, க்ரௌதர் 1975, 1976-ஆம் ஆண்டுகளில் அந்தக் குகையையே ஒரு விளையாட்டாக எழுதினார். படம் கிடையாது, எல்லாம் சொற்களே. "வடக்கே போ", "விளக்கை எடு" என்று தட்டச்சு செய்தால், அடுத்து என்ன தெரிகிறது என்று கணிப்பொறி விவரிக்கும். 1977-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் டான் வுட்ஸ் அதைக் கண்டெடுத்து, க்ரௌதரின் இசைவுடன் விரிவாக்கினார்.

அந்தக் குகையினுள், இடிபாடுகள் நிறைந்த ஓர் அறையின் சுவரில் ஒரு மந்திரச் சொல் எழுதப்பட்டிருக்கும். எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய் என்ற ஐந்து எழுத்துகள். பொருள் ஏதும் இல்லை. அதை அங்கே தட்டினால் மறுகணம் குகைக்கு வெளியேயுள்ள சிறு வீட்டில் நிற்பீர்கள். வீட்டில் தட்டினால் மீண்டும் அதே அறை. வேறெங்கு தட்டினாலும் ஒன்றும் நிகழாது. கவனியுங்கள்: சுவரில் அதைப் படித்தவர்களா என்று கணிப்பொறி சோதிப்பதில்லை. சொல் தெரிந்தால் போதும், கதவு திறக்கும். ஆகவே ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு அது பரவியது. கணிப்பொறிக்காரர்கள் நடுவில் இன்றும் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு புன்னகை மலரும். மந்திரம் அங்கே விளையாட்டுக்குள் இல்லை. ஆடுகிறவரின் தலைக்குள் இருந்தது.

சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும் இரகசியம் எளிய இரகசியம். சொல்லியும் தீராத இரகசியத்தைச் செய்வதெப்படி? இதற்கு ஒரு விடையை 1985-இல் ரிச்சர்ட் கேரியட் கொடுத்தார். விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மகன் இவர். தந்தையைப்போலவே 2008-இல் தாமும் விண்வெளிக்குச் சென்று வந்தவர். 'அல்டிமா' என்னும் தொடரின் முதல் பாகங்களை வெளியிட்ட பிறகு, ஆடுகிறவர்கள் வெற்றிக்காகக் கடைகளில் திருடுவதையும் ஊராரைக் கொல்வதையும் கண்டு அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் நான்காம் பாகத்தில் கொல்லவேண்டிய தலைமை அரக்கன் எவனும் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டு நற்பண்புகளிலும் நிறைவடைவதே குறிக்கோள். அப்படி நிறைவடைபவருக்கு அவர் வைத்த பெயர் 'அவதார்'. நம் நாட்டுச் சொல்தான்!

அந்த நான்காம் பாகத்து மந்திரங்கள் சமையல் போன்றவை. ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்கு ஒன்றாக 26 மந்திரங்கள். அவற்றுக்கான சரக்குகள் எட்டு. பூண்டு, ஜின்செங் வேர், கந்தகச் சாம்பல், சிலந்தி நூல், குருதிப்பாசி, கருமுத்து ஆகிய ஆறும் கடையில் கிடைக்கும். பூண்டும் ஜின்செங்கும் சேர்ந்தால் நஞ்சு முறியும். ஜின்செங்கும் சிலந்தி நூலும் சேர்ந்தால் காயம் ஆறும். கலவை தவறினால் சரக்கு வீண். பெட்டியோடு வரும் புத்தகத்தில் பல செய்முறைகள் உண்டு, எல்லாம் இல்லை. எஞ்சியவற்றை ஊரூராகச் சென்று, எதிர்ப்பட்டவரிடம் பெயர், தொழில் என்று பேச்சுக் கொடுத்து, அவர் வாயிலிருந்து விழும் ஒரு சொல்லைப் பிடித்து மேலும் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டுதான் அறியவேண்டும். மாண்டவரை எழுப்பும் மந்திரத்துக்கு ஆறு சரக்குகள் வேண்டும். அவற்றுள் ஒன்றான மாண்டிரேக் வேர் எந்தக் கடையிலும் இல்லை. அந்த உலகத்துக்கு நிலவு இரண்டு. இரண்டும் ஒருசேர மறைந்திருக்கும் அமாவாசை வேளையில், குறிப்பிட்ட சதுப்பு நிலத்தில் நின்று தேடினால்தான் அது கைக்கு வரும்.

ஆனால் இதைவிட நுட்பமாக ஒளிக்கப்பட்டது வேறொன்று. மூலிகை விற்கும் பெண்மணிக்குக் கண் தெரியாது. எத்தனை வேண்டும் என்று கேட்டு, விலை சொல்லி, கையை நீட்டுவாள். எத்தனை காசு போட்டோம் என்பதை நாமே தட்டவேண்டும். குறைத்துப் போட்டாலும் சரக்கைத் தந்துவிடுவாள். மணி அடிக்காது, காவலர் வரமாட்டார். ஆனால் கணிப்பொறி தன்னுள்ளே நேர்மைக் கணக்கில் கழித்துவிடும். அந்தக் கணக்குத் திரையில் வராது. பலநாள் கழித்து, அரண்மனையில் இருக்கும் ஞானி ஹாக்விண்டிடம் சென்று நேர்மையைப் பற்றிக் கேட்டால்தான் தன் நிலை தெரியவரும். மலிவாக மந்திரம் சேர்த்தவள் அப்போதுதான் எங்கே வழுக்கினாள் என்று அறிவாள்! என்னைக் கேட்டால், கணிப்பொறி விளையாட்டில் இதைவிடச் சிறந்த மறைவு இல்லை என்பேன்.

1987-இல் வந்த 'டஞ்சன் மாஸ்டர்' வேறு வழியில் சென்றது. அதில் மந்திரங்களுக்குப் பட்டியலே கிடையாது. அசைகள் மட்டும் உண்டு. அசைகளை நான்கு வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு ஆறாக வைத்தார்கள். முதல் வகுப்பு வலிமையைக் குறிக்கும்: 'லோ' என்றால் மெலிந்தது, 'மோன்' என்றால் மிக வலியது. இரண்டாம் வகுப்பு நிலம், நீர், காற்று, நெருப்பு போன்ற பூதங்கள். மூன்றாவது வடிவம், நான்காவது தன்மை. 'ஃபுல்' என்பது நெருப்பு. வலிமை அசையுடன் அதை மட்டும் சேர்த்தால் விளக்கொளி வரும். அதன்பின் 'இர்' என்ற சிறகசையைச் சேர்த்தாலோ, நெருப்பு பறந்து சென்று தாக்கும்! வெறும் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நீருக்குரிய 'வி'யைச் சொன்னால் குடுவையில் மருந்து நிறையும்.

நமக்கு இது எளிதில் விளங்கும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாவதை முதல் வகுப்பிலேயே கற்றவர்கள் அல்லவா நாம்? எழுத்துகளைக் கொடுத்துவிட்டு, சொற்களை நீயே கண்டுபிடி என்று விட்டுவிடுகிறார்கள். நான்கு அசை கொண்ட சேர்க்கைகள் மட்டும் 6 × 6 × 6 × 6, அதாவது 1296. பெரும்பாலானவை பொருளற்ற ஓசைகளே. கிடங்கறையில் அங்கங்கே கிடைக்கும் ஓலைச்சுருள்களில் சில சொல்லப்பட்டிருக்கும். மற்றவற்றை இந்த அசைக்கு இந்தப் பொருளானால் அந்தச் சேர்க்கைக்கு என்ன பொருளாகலாம் என்று ஊகித்துச் சொல்லிப் பார்க்கவேண்டும். இங்கே சொல் தெரிந்துவிட்டாலும் போதாது. பழக்கமில்லாத வாயில் வலிய மந்திரம் தவறிப்போகும். 'லோ'வில் தொடங்கி நாளும் பயில வேண்டும். திரையில் தெரிவன வீரர், மறைபோராளி, குரு, மந்திரவாதி என நான்கு தகுதிகள்தாம். ஒவ்வொன்றின் அடியிலும் நான்கு உட்திறன்களாக மொத்தம் 16 திறன்களைக் கணிப்பொறி ஓசையின்றி எண்ணிக்கொண்டிருக்கிறது. நெருப்பு மந்திரத்தையே ஓதுபவளுக்கு நெருப்புத் திறன் வளரும். அவளுக்கு அது தெரியாது. மந்திரம் தவறாமல் வருவது மட்டும் தெரியும். வீணை பழகுபவர்களைக் கேளுங்கள், எந்த நாளில் விரல் படிந்தது என்று எவருக்கும் சொல்லத் தெரியாது.

இனி ஜப்பானுக்கு வருவோம். 1992-இல் வெளியான 'ஃபைனல் ஃபேண்டசி' ஐந்தாம் பாகத்தில் நீல மந்திரவாதி என்று ஒரு தொழில் உண்டு. கடையில் நீல மந்திரம் விற்பதில்லை. வயது ஏறினாலும் வருவதில்லை. பகைவர் ஒருவர் அந்த மந்திரத்தை நம்மேல் ஏவ வேண்டும். நாம் அதை ஏற்று, அந்தப் போரில் வெல்லவேண்டும். அப்போதுதான் அது நமதாகும். பட்டால்தான் கற்கமுடியும்! எந்த விலங்கு எந்த மந்திரத்தை அறியும் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

அவற்றுள் ஒரு சிலவற்றை நம் கணித ஆசிரியைக்கு அறிமுகம் செய்யவேண்டும். ஒரு மந்திரம், பகைவரின் நிலையெண் ஐந்தால் மீதியின்றி வகுபட்டால் மட்டும் உயிரைப் பறிக்கும். 24-ஆம் நிலையில் இருப்பவரை அது தொடாது. 25-இல் இருப்பவர் ஒரே அடியில் விழுவார். நமக்கும் அதே விதிதான். பழைய நூலகம் ஒன்றில், புத்தகத்திலிருந்து கிளம்பும் 64-ஆம் பக்கம் என்ற பூதம் இதை நம்மேல் ஏவும். அன்று நம் தோழியர் எவரெவர் ஐந்தின் மடங்கில் நிற்கிறார்கள் என்று கணக்குப் பார்க்காமல் உள்ளே போகக்கூடாது. இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்களுக்கும் இதுபோன்ற மந்திரங்கள் இருக்கின்றன. வாய்ப்பாடு எங்கெல்லாம் உதவுகிறது, பாருங்கள்!

'வெண்காற்று' என்ற நீல மந்திரம் தாக்குவதன்று, ஆற்றுவது. ஓதுபவளிடம் அந்த நேரத்தில் எவ்வளவு உயிர்க்கணக்கு இருக்கிறதோ, அவ்வளவும் தோழியர் அனைவருக்கும் கூடும். நலமாயிருப்பவள் ஓதினால் எல்லாரும் பிழைப்பார்கள். குற்றுயிராய்க் கிடப்பவள் ஓதினால் துளியே கிட்டும். பட்டால்தான் கற்கலாம் என்றால், ஆற்றும் மந்திரத்தைப் பகைவர் நம்மேல் ஏன் ஏவப்போகிறார்? அங்கேதான் முடிச்சு. விலங்குகளை வசப்படுத்தும் இன்னொரு தொழிலைப் பயின்ற தோழி ஒருத்தி உடன்வந்து, அந்தப் பகை உயிரைத் தன் வசப்படுத்தி, நம் பக்கம் ஓதச் செய்யவேண்டும். இரண்டு திறன்களை இணைத்துப் பார்த்தவருக்கே அது அகப்படும். யாரும் சொல்லாமலே இதைக் கண்டுபிடித்த ஆட்டக்காரர்களின் மகிழ்ச்சியை நினைத்துப் பாருங்கள்.

1994-இல் வந்த ஆறாம் பாகத்தில் ஒரு சபிக்கப்பட்ட கேடயம் உண்டு. அதை அணிந்தவருக்கு மனம் குழம்பும், வாய் கட்டிப்போகும், உயிர் சிறுகச் சிறுகக் கசியும். அறிவுள்ள எவரும் கழற்றி எறிந்துவிடுவார். எறியாமல் அணிந்தபடியே 250-க்கும் மேற்பட்ட போர்களைக் கடந்தால், சாபம் நீங்கி அது ஆட்டத்திலேயே தலைசிறந்த கேடயமாகிறது. மிக வலிய மந்திரம் ஒன்றையும் கற்பிக்கிறது. பொறுமையைப் புகழ்ந்து இதைப் பலர் பேசுவதுண்டு. எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. சிறு எலிகளோடு இருநூற்றைம்பது முறை சண்டையிடுவதைப் பொறுமை என்பதைவிடப் பொழுதைக் கொல்வது எனலாம்; அம்மா மூன்று முறை கூப்பிடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

நேர்மையற்ற மறைவு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கும் சான்று உண்டு. மந்திரமன்று, ஓர் ஈட்டி, என்றாலும் சொல்லத்தக்கது. 2006-இல் வெளிவந்த பன்னிரண்டாம் பாகத்தில், ஆட்டத்தின் மிகச் சிறந்த ஈட்டியை எடுக்கவேண்டுமானால், வழியில் கிடக்கும் நான்கு பெட்டிகளைத் திறக்காமல் விடவேண்டும். எந்த நான்கு? அவை மற்றப் பெட்டிகளைப் போலவே இருக்கும். எந்த ஊராரும் சொல்லமாட்டார். எந்தச் சுவரிலும் குறிப்பில்லை. பெட்டியைக் கண்டால் திற என்று அதுவரை பழக்கிவிட்டு, திறந்ததற்காகத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? வழிகாட்டி நூலை விலை கொடுத்து வாங்கினால்தான் இதனை அறியமுடியும். பின்னாளில் வந்த பதிப்புகளில் இந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள். கண்ணும் கருத்தும் உடையவள் கண்டுபிடிக்க ஒரு நூலிழையேனும் விட்டுவைப்பதே ஒளிப்பவரின் கடமை. குருட்டு மூலிகைக்காரி அந்த நூலிழையை விட்டாள். கண் தெரியாதவளிடம் காசைக் குறைத்தால் என்னாகும் என்று நம் மனமே நமக்குச் சொல்லும்.

வழிகாட்டி நூல்களும், இன்று இணையத்தில் விரல் நுனியில் கிடைக்கும் விடைகளும் கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. ஈட்டிக்கு அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம், பார்க்காதவர் ஏமாளி. ஆனால் அசைகளைக் கூட்டிப் பார்ப்பதற்கும், வெண்காற்றுக்கும் பார்த்துவிட்டால், கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியவள் கதைதான். விடை சரியாக இருக்கும், வேறொன்றும் இராது.

கடைசியாக ஒரு திறனைச் சொல்ல விரும்புகிறேன். இது ஒளிக்கப்படவே இல்லை. தொடக்கத்திலிருந்து கண் முன்னே கிடந்தது. ஜப்பானில் விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்ற ஷிகெசாதோ இதோய் உருவாக்கி 1994-இல் வெளியான 'மதர்' இரண்டாம் பாகம், 1995-இல் 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றது. பெரும்பாலும் சாதாரண ஊர்களில் நான்கு சிறுவர் சிறுமியர் பயணம் செய்யும் கதை. அவர்களில் பவுலா என்ற சிறுமிக்கு மட்டும் 'வேண்டுதல் செய்' என்று ஒரு கட்டளை உண்டு. அதனால் என்ன விளையும் என்று சொல்லமுடியாது. சில வேளை எல்லாருக்கும் காயம் ஆறும். சில வேளை நம்மவரும் பகைவரும் சேர்ந்து தூங்கிவிடுவார்கள். நம்பத்தகாதது என்று ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அதைக் கைவிட்டு, நெருப்பும் இடியுமாய் மற்ற வித்தைகளையே நாடுவார்கள்.

இறுதியில் கீகஸ் என்ற பெருந்தீமையின் முன் நால்வரும் நிற்கும்போது நெருப்பும் இடியும் எடுபடுவதில்லை. எதிரியின் பக்கம் நிற்கும் போக்கி என்ற பையன் ஏளனம் செய்கிறான்: நீங்கள் உதவி கேட்டுக் கூவலாம், ஆனால் யார் காதிலும் விழப்போவதில்லை என்ற பொருளில் பேசுகிறான். குறிப்பு அதுவே; பகைவன் வாயிலிருந்தே வருகிறது! அதைப் பிடித்துக்கொண்டு பவுலாவை வேண்டச் சொன்னால், வழியில் சந்தித்து விட்டுவந்த மனிதர்கள், பாட்டுக்காரர்கள், பவுலாவின் பெற்றோர், நண்பனின் தாய் என ஒவ்வொருவராகத் தத்தம் இடத்தில் திடுக்கிட்டு, அந்தப் பிள்ளைகளை நினைத்துக் கைகூப்புகிறார்கள். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் கீகஸ் தளர்கிறது. ஆனாலும் விழவில்லை. கதையில் அறிமுகமானவர்கள் எல்லாரும் முடிந்து, வேண்டுவதற்கு இனி ஒருவரும் இல்லை என்ற நிலையில், பவுலாவின் குரல் இருட்டில் போய்த் தேடுகிறது. அப்போது திரையில் ஒரு பெயர் எழுகிறது. அவரும் வேண்டுகிறார் என்று கணிப்பொறி எழுதுகிறது. அது பாத்திரத்தின் பெயரன்று. வெகு நேரத்திற்கு முன்பு, கதையின் நடுவே, ஆடுகிற உன் சொந்தப் பெயர் என்ன என்று யாரோ கேட்டதும், ஏன் என்று தெரியாமலே நாம் தட்டிக் கொடுத்ததும் நினைவிருக்கிறதா? அந்தப் பெயர்தான்.